சங்குமுகத்து மணல்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், விடுமுறைக்குப் போய்வரத்தக்க இடங்களின் வரிசையில், திருவனந்தபுரம் சங்குமுகம் கடற்கரையைப் பற்றி நான்கு வரிகள் மட்டும் எழுதியிருந்தோம். மணற்பரப்பு, கடற்கன்னிச் சிலை, பிள்ளைகளுக்கான பூங்கா என்று சொல்லி முடித்துக்கொண்டது போதவில்லை என்பதைக் தமிழ்நாடு–கேரள எல்லையான களியக்காவிளைக்கு இப்பாலிருந்தும் அப்பாலிருந்தும் வந்த கடிதங்கள் உணர்த்தின. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, இந்த முறை பகுதி முழுவதையும் அந்தக் கடற்கரைக்கே விட்டுவிட்டோம்.

மார்த்தாண்டம் வாசகர்: சங்குமுகம் பூங்கா மகாராஜா காலத்தில் உண்டானது என்கிறார் என் மாமா. முப்பது வருடத்துக்கு முன்னால்தான் கட்டினார்கள் என்கிறான் என் மகன். வீட்டில் தினமும் இதே வழக்காக இருக்கிறது. யார் சொல்வது சரி?

மாமா கடற்கரையைச் சொல்கிறார். மகன் சிலையைச் சொல்கிறான். இருவரும் ஒரே பெயரை வைத்துக்கொண்டு வேறு வேறு பொருளைப் பற்றி வாதாடுவதால் வழக்கு முடியாமல் நீள்கிறது.

சங்குமுகம் முதலில் ஒரு நீராட்டுத் துறை. பத்மநாபசுவாமி கோயிலின் ஆறாட்டு, அதாவது சாமியைக் கடலில் நீராட்டும் சடங்கு, நடக்கும் துறை என்பதே அதன் பழைய அடையாளம். கடலை நோக்கி நிற்கும் கல் மண்டபம் அந்தச் சடங்குக்காக எழுப்பப்பட்டதே தவிர, காற்று வாங்க வருபவர்கள் உட்காருவதற்காக அன்று. தலைநகரம் வளர்ந்த பின்னரே மாலை நேரத்தில் குடும்பத்தோடு வந்து உலாவும் இடமாக அது மாறியது. மாமாவின் நினைவில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது சங்குமுகமாக இருக்கலாம். 1956 நவம்பர் 1 அன்று இன்றைய குமரி மாவட்டத்தின் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேரும் வரையில் நமக்குத் தலைநகரம் திருவனந்தபுரமே. வழக்குக்கும் வைத்தியத்துக்கும் அங்கே போனவர்கள், வேலை முடிந்த மாலையில் சங்குமுகத்தில் கால் நனைத்துவிட்டு வந்து, அதை ஊரில் ஒரு வாரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

புல்வெளியும் சிற்பமும் சேர்ந்த இன்றைய தோற்றம் 1990க்குப் பிறகு வந்தது. பக்கத்திலேயே, சாலை விதிகளைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாகச் சொல்லித்தரும், ஜவகர்லால் நேரு பெயரிலான பூங்காவும் இருக்கிறது. ஆக, துறை, உலாவிடம், பூங்கா என்று மூன்று காலங்கள் ஒரே மணலில் அடுத்தடுத்து வந்து அமர்ந்திருக்கின்றன. மாமாவிடம் மகனை அழைத்துக்கொண்டு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

நாகர்கோவில் வாசகி: ஆறாட்டு நாளில் சாமி போவதற்காக விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள் என்கிறார்களே, உண்மையா? அல்லது கதையா?

உண்மைதான். ஆண்டுக்கு இரண்டு முறை இது நடக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலில் பத்து நாள் உற்சவம் இரண்டு உண்டு; ஒன்றைப் பைங்குனி உற்சவம் என்றும் மற்றொன்றை அல்பசி உற்சவம் என்றும் அங்கே வழங்குகிறார்கள். உரக்கச் சொல்லிப் பாருங்கள், நம் பங்குனியும் ஐப்பசியுமே அவை என்பது காதிலேயே தெரிந்துவிடும். மலையாளக் கொல்ல ஆண்டுக்கு மீனம், துலாம் என்று வேறு மாதப் பெயர்கள் இருக்கும்போது, கோயில் மட்டும் தமிழ் மாதப் பெயர்களை விடாமல் வைத்துக்கொண்டிருப்பது நம் பக்கத்து வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

இரண்டு உற்சவங்களும் ஆறாட்டோடு நிறைவு பெறுகின்றன. மாலையில் பத்மநாபர், நரசிம்மர், கிருஷ்ணர் ஆகிய மூர்த்திகள் வாகனங்களில் எழுந்தருள, அரச குடும்பத்தின் தலைவர் கையில் வாளோடு முன்னே நடந்துவர, மேற்குக் கோட்டை வாசல் வழியாகப் புறப்படும் ஊர்வலம், வள்ளக்கடவைத் தாண்டிக் கடலை நோக்கிச் செல்கிறது. நகரத்துக்கும் கடலுக்கும் நடுவே இன்று இருப்பது விமான ஓடுதளம். ஊர்வலம் அதைக் குறுக்கே கடந்துதான் போக வேண்டும். அதனால் அந்த நாளில் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் விமானப் போக்குவரத்து நிறுத்தப்படுகிறது; விமான நிறுவனங்களுக்கு முன்கூட்டியே அறிவிப்புப் போய், நேரங்கள் மாற்றியமைக்கப்படுகின்றன. மூர்த்திகள் கடலில் நீராடித் தீவெட்டி வெளிச்சத்தில் அதே வழியில் திரும்பிக் கோயிலுக்குப் போன பிறகுதான் விமானங்களுக்கு வழி கிடைக்கும்.

இதைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள், "இவ்வளவு பெரிய நிலையத்தைச் சாமிக்காக மூடுவதா?" என்று வியக்கிறார்கள். வரலாற்றைப் பார்த்தால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டியிருக்கிறது. விமான நிலையத்தைத் தொடங்க முன்னின்றவர் திருவிதாங்கூர் மகாராஜா சித்திரைத் திருநாளின் சகோதரியை மணந்த கோதவர்மராஜா. தொடங்கிய ஆண்டு 1932. தபால் ஏற்றிக்கொண்டு டாட்டா நிறுவனத்தின் முதல் விமானம் 1935 நவம்பர் 1 அன்று அங்கே இறங்கியது. ஆறாட்டு வழி அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது. சாமி விமானத்தின் பாதையில் குறுக்கிடவில்லை. சாமியின் பாதையில் வந்து சேர்ந்த விமானம், ஆண்டுக்கு இரு நாள் ஒதுங்கி நிற்கிறது.

நம்மவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், குமாரகோவில் வேலாயுதசாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் ஆண்டுதோறும் இங்கிருந்து திருவனந்தபுரத்துக்குப் புறப்பட்டுப் போவதைச் சாலையோரம் நின்று வழியனுப்பி வளர்ந்தவர்கள் நாம். சாமி வரும்போது பேருந்து நிற்கும் என்பது குழித்துறையில் சிறு பிள்ளைக்கும் தெரியும்.

பாறசாலை வாசகி: பிள்ளைகளோடு போய் அந்தக் கடற்கன்னிச் சிலைக்கு முன் நிற்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. பொது இடத்தில் இப்படியொரு சிலையை ஏன் வைத்தார்கள்?

இந்தக் கேள்வியைச் சிலை பாதி வளர்ந்திருந்தபோதே கேட்டுவிட்டார்கள், அம்மா. ஆபாசம் என்று புகார் எழுந்து வேலையை நிறுத்தச் சொன்னதும், அன்றைய முதலமைச்சர் கே. கருணாகரன் தலையிட்டுத் தொடர விட்டதும் அதன் கதையில் ஒரு பகுதி. 1990இல் தொடங்கி 1992இல் முடிந்த அந்தச் சிற்பத்துக்குச் சாகரகன்னிகை என்று பெயர். 87 அடி நீளமும் 25 அடி உயரமும் உடைய கான்கிரீட் வடிவம். உலகிலேயே மிகப் பெரிய கடற்கன்னிச் சிற்பம் என்று கின்னஸ் பதிவும் பெற்றிருக்கிறது.

செய்தவர் கானாயி குஞ்ஞிராமன். காசர்கோடு பக்கத்தில் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் கீழ்ப் படித்து, பின்னர் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளிக்குப் போனவர். மலம்புழா அணைப் பூங்காவில் 1969இல் அவர் செய்த யட்சி சிலைக்கும் இதே எதிர்ப்பு வந்தது. இன்று மலம்புழாவுக்குப் போகிறவர்கள் யட்சியின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாமல் திரும்புவதில்லை. கண்ணூர்ப் பையாம்பலம் கடற்கரையிலும் அவருடைய தாயும் சேயும் இருக்கிறார்கள். கேரளக் கடற்கரைப் பூங்காக்களுக்கு முகம் கொடுத்தவர் என்று அவரைச் சொன்னால் மிகையாகாது.

உங்கள் சங்கடத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். சுசீந்திரம் கோபுரத்தின் கீழே பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நாம் நுழைகிறோம். நிமிர்ந்து பார்த்தால் அங்கே இல்லாத உருவமா? நூற்றாண்டுகளாகப் பழகிவிட்டதால் அது கண்ணை உறுத்துவதில்லை. சாகரகன்னிகைக்கு அந்தப் பழக்கத்தின் பாதுகாப்பு இன்னும் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். அதோடு, அதை நின்ற இடத்திலிருந்து ஓர் உருவமாகப் பார்த்தால் பாதியைத்தான் பார்க்கிறோம். ஒரு முனையில் தொடங்கி மெல்லச் சுற்றி நடந்தால், தோள் ஒரு மணல்மேடாகவும், இடையின் சரிவு அலை இறங்கும் கரையாகவும், வால் மண்ணுக்குள் புதைந்து மீண்டும் எழுவதாகவும் தெரியும். சுற்றியுள்ள புல்வெளியின் மேடு பள்ளங்களையும் சேர்த்தே அவர் வடிவமைத்தார். 2020இல் சிலைக்குப் பக்கத்தில் விமானப்படையின் பழைய ஹெலிகாப்டர் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தியபோது, தம் படைப்பையே குலைத்துவிட்டதாக அவர் வெளிப்படையாக மனம் நொந்து பேசியதன் காரணம் இதுதான். ஹெலிகாப்டரைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்தார்கள் என்பது வேறு செய்தி. கடற்கன்னி படுத்திருக்கும் முற்றத்தில் ஒரு விமானத்தை நிறுத்தலாம் என்று தோன்றியவர்கள், அங்கே வெற்றிடம் இருப்பதாக நினைத்துவிட்டார்கள்; அந்த வெற்றிடமும் சிற்பம்தான் என்று சிற்பி நினைத்தார். நாம் சிற்பியின் பக்கம்.

குழித்துறை வாசகர்: கட்டணம் உண்டா? குளிக்கலாமா?

சங்குமுகம் மணலுக்குக் கட்டணம் இல்லை. பக்கத்தில் ஏரிக்கரையில் இருக்கும் வேளி சுற்றுலாக் கிராமத்துக்குள் நுழைய உண்டு, சிறு தொகைதான். குளிக்கக் கூடாது. கரை திடீரென்று ஆழமாகும் இடம் அது. உயிர்காப்பாளர் ஊதும் விசிலை மதிக்காமல் இறங்குபவர்களில் வெளியூர்க்காரர்களே அதிகம் என்பதை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

கொல்லங்கோடு வாசகர்: வேளிக்கு இரண்டு முறை போனேன். முதல் முறை ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணலில் நடந்தே போனோம். அடுத்த முறை அந்த மணலையே காணவில்லை, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பார்த்தது அதே இடம்தானா?

அதே இடம்தான். கொல்லங்கோட்டுக்காரர் இதைக் கேட்கலாமா? நீங்கள் பார்த்தது பொழி. தேங்காப்பட்டணத்தில் குழித்துறையாறு கடலைச் சேரும் இடத்திலும், பூவாறில் நெய்யாறு சேரும் இடத்திலும், மணக்குடியிலும் இதைத்தானே பார்க்கிறோம். மழையில்லாத மாதங்களில் ஏரியிலிருந்தோ ஆற்றிலிருந்தோ வரும் நீருக்கு வேகம் குறைகிறது. அலை கொண்டுவந்து போடும் மணலைத் தள்ளிவிட அதற்கு வலுவில்லை. வாய் அடைபட்டு மணல்திட்டு எழுகிறது. மழை பெய்து ஏரி நிறைந்ததும் தண்ணீர் தானே திட்டை உடைத்துக்கொள்கிறது. சில சமயம் ஊருக்குள் வெள்ளம் ஏறாமலிருக்க ஆட்களே வெட்டி விடுகிறார்கள். நீங்கள் முதல் முறை போனது கோடையாகவும், அடுத்த முறை போனது மழைக்குப் பிறகாகவும் இருந்திருக்கும்.

இந்தப் பொழியையே காட்சிப் பொருளாக்கி, ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் அமைத்த பூங்காதான் வேளி. அங்கும் கானாயியின் கைவண்ணம் உண்டு. மரங்களுக்கிடையே எழுந்து நிற்கும் சங்கு வடிவங்களைப் பார்த்திருப்பீர்கள். ஏரியின் மேல் மிதக்கும் பாலமும் மிதக்கும் உணவகமும் அமைத்தார்கள். 2020 நவம்பரில் பிள்ளைகளுக்கான சின்ன இரயில் ஒன்று ஓடத் தொடங்கியது. பழைய நீராவி எஞ்சினைப் போன்ற தோற்றம், ஓடுவது சூரிய மின்சாரத்தில், பாதை ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீட்டர். பிள்ளைகளுக்கானது என்று எழுதினேன். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

வேளி வழியாகப் போகும் பார்வதி புத்தனாறு என்ற கால்வாயையும் கவனியுங்கள். இராணி கௌரி பார்வதி பாய் ஆட்சி செய்த 1820களில் வெட்டப்பட்டது. வள்ளக்கடவு என்ற பெயரிலேயே வள்ளங்கள் வந்து நின்ற துறை ஒளிந்திருக்கிறது. அந்த நீர்வழியைத் தெற்கே கன்னியாகுமரி வரை கொண்டுவரும் எண்ணத்தோடு 1860இல் தொடங்கி, கடைசி வரை எட்டாமல் போன வேலைதான், நம் கடற்கரை ஊர்களில் தூர்ந்து கிடக்கும் ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டம்) கால்வாய். அது முடிந்திருந்தால் நீங்கள் கொல்லங்கோட்டில் வள்ளம் ஏறி வேளியில் இறங்கியிருக்கலாம்.

வேளியை அடுத்தது தும்பா. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆராய்ச்சி இராக்கெட் எழுந்த கடற்கரை அது. புவிக்காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருந்ததால் மீனவர் வாழ்ந்த அந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார்கள். மரிய மக்தலேனாள் தேவாலயம் அன்றைய ஆய்வாளர்களுக்கு அலுவலகமானது. இப்போது அது விண்வெளி அருங்காட்சியகம். அதற்கான விதிமுறைகள் வேறு என்பதால், வேளிக்குப் போகும் நாளிலேயே அதையும் திட்டத்தில் சேர்க்கும் முன் பார்வை நாள்களைக் கேட்டறிந்துகொள்வது நல்லது.

குளச்சல் வாசகர்: நான் கடல் தொழில் செய்கிறவன். சங்குமுகத்தில் கரைமடி வலை இழுத்த காலத்தில் கயிறு பிடிக்க ஆள் நிற்க எவ்வளவு மணல் கிடந்தது! இப்போது போனால் கரையே இல்லை. இனி அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று ஆட்களைப் போகச் சொல்கிறீர்கள்?

வந்த கடிதங்களில் எங்களை நெடுநேரம் யோசிக்க வைத்தது இதுதான். சென்ற இதழில் "பரந்த மணற்பரப்பு" என்று எழுதியது பழைய நினைவில் எழுதியது, அதைத் திருத்திக்கொள்கிறோம்.

ஆனி, ஆடி மாதங்களின் தென்மேற்குப் பருவக் கடல் மணலை எடுத்துக்கொண்டு போவதும், மழை ஓய்ந்து கடல் தணிந்த பின் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொண்டுவந்து போடுவதும் மேற்குக் கடற்கரை முழுவதற்கும் பொதுவான கணக்கு. உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. சங்குமுகத்தில் அந்தக் கணக்கு தப்பிவிட்டது. எடுத்த அளவுக்குக் கடல் திருப்பித் தருவதில்லை. 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் நம் கடற்கரை ஊர்களுக்கு என்ன செய்தது என்பதை எழுதத் தேவையில்லை. அதை அடுத்து வந்த பருவமழைகளில் சங்குமுகத்தின் நடைபாதை இடிந்தது, விமான நிலையத்துக்குப் போகும் கடற்கரைச் சாலை அரிக்கப்பட்டது. 2021 மே மாதம் டவ்தே புயலின் அலைகள் எஞ்சியதையும் பெயர்த்தன. பின்னர் நிலத்துக்கடியில் ஆழமாகக் கான்கிரீட் சுவர் இறக்கிச் சாலையை மீண்டும் அமைத்தார்கள்.

காரணம் என்ன என்பதில் இரு தரப்பு உண்டு. 2015 டிசம்பரில், தெற்கே இருக்கும் விழிஞ்ஞத்தில் துறைமுக வேலை தொடங்கி அலைதடுப்புச் சுவர் கடலுக்குள் நீண்டதால், கரையோரமாக வடக்கே நகரும் மணல் தடைபட்டது என்கிறார்கள் வலியதுறையிலும் சங்குமுகத்திலும் வீடிழந்த மீனவக் குடும்பத்தினர். புயல்களும் அலையின் போக்கு மாறியதுமே காரணம், துறைமுகத்துக்கு முன்பே அரிப்பு இருந்தது என்கிறது எதிர்த் தரப்பு. தூண்டில் வளைவு என்னும் கல் தடுப்பைக் கடலுக்குள் போட்ட ஊரின் ஒரு பக்கத்தில் மணல் சேர்வதையும் மறுபக்கத்து ஊரில் கரை போவதையும் நேரில் பார்க்கும் நமக்கு, கடலுக்குள் கல்லைப் போட்டால் அது எங்காவது பதில் சொல்லும் என்பதை யாரும் வந்து விளக்க வேண்டியதில்லை.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். மண்டபம் இருக்கிறது, சாகரகன்னிகை இருக்கிறாள், எதிரே பழைய மாளிகைக் கட்டடத்தில் ஓவியக் காட்சிக்கூடம் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்வதுபோல, இவை அனைத்தும் மணலை நம்பி வந்தவை. ஆறாட்டு ஊர்வலம் வந்து நிற்க மணல் வேண்டும். உலாவ வருபவர் உட்கார மணல் வேண்டும். 87 அடிச் சிற்பத்துக்குப் பின்னணியாகக் கடல் தொலைவில் தெரிய வேண்டுமானால் நடுவில் மணல் கிடக்க வேண்டும். போகச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். கரையில் எஞ்சியிருப்பதையும், போய்விட்டதையும் நம் ஊர்ப் பிள்ளைகள் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். கரைமடி இழுத்த நாள்களைப் பற்றி நீங்கள் ஒரு பக்கம் எழுதி அனுப்பினால் அடுத்த இதழில் வெளியிடுகிறோம்.

நெய்யாற்றின்கரை வாசகி: என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, மூட்டு வலி. சிறு வயதில் அப்பாவோடு போன சங்குமுகத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்கிறார். ஒரே நாளில் வேளியையும் சேர்த்துப் பார்க்க முடியுமா? எந்த மாதம் நல்லது?

முடியும். தை, மாசி மாதங்கள் உகந்தவை. கடல் அடங்கியிருக்கும், பகல் வெயிலும் பங்குனி அளவுக்குச் சுடாது. ஆனி, ஆடி, ஆவணியில் அம்மாவை அழைத்துப் போக வேண்டாம். ஆறாட்டு நாளில் போக ஆசைப்பட்டால் நெரிசலில் நிற்க வேண்டியிருக்கும் என்பதையும் எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வயதில் அது கடினம்.

முதலில் வேளிக்குப் போங்கள். கொச்சுவேளி இரயில் நிலையம் அதற்குப் பக்கம். அதற்கு இப்போது திருவனந்தபுரம் வடக்கு என்று பெயர் மாற்றிவிட்டார்கள், பலகையைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். நீங்கள் ஏறும் வண்டி அங்கே நிற்காவிட்டால், நகரின் முதன்மை நிலையம் இருக்கும் தம்பானூரில் இறங்கி ஆட்டோவில் போவதே அம்மாவின் முழங்காலுக்கு நல்லது. சின்ன இரயில் ஓடும் நாளாக இருந்தால், வேளியில் நடக்க வேண்டிய தூரத்தை அது குறைத்துவிடும். மிதக்கும் பாலம் காலுக்கடியில் அசையும். அதில் அவரை ஏற்றாதீர்கள்.

வெயில் தணிந்து நாலரை மணி வாக்கில் சங்குமுகம் வந்து சேர்ந்தால் போதும். மணலில் இறங்க வேண்டியதில்லை. சாலையோரத்திலிருந்தே கடல் தெரிகிறது. அம்மா சிறு வயதில் பார்த்தபோது சாகரகன்னிகை அங்கே இருந்திருக்க மாட்டாள், ஆகவே அவர் முதலில் மண்டபத்தைத்தான் தேடுவார். அதன் பக்கம் அழைத்துப்போய், அன்று அலை எங்கே வரை இருந்தது என்று அவரையே காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கும் எழுதுங்கள்.